நூறு கிழங்கை ஒரே நாளில் பிடுங்கியவன்

1

தமிழ்ச் சிறுகதையின் வரலாறு இன்று முதல் இரண்டாகப் பிரிகிறது: தீவன பீட்ரூட்டுக்கு முன், தீவன பீட்ரூட்டுக்குப் பின். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் தேர்தல் விதிகளை வரி வரியாக வெட்டி வைத்தவர்கள்கூட, சினை மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிழங்கு என்பதை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கதை.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அரை சென்ட்டிலிருந்து. அங்கே நடந்த தப்பு முழுக்க என்னுடையது. ஆகவே கதைநாயகனுக்கு ஸ்ரீகாந்த் என்று பெயர் வைக்கிறேன். தப்பை வேறொருவன் செய்தால் எழுதுவதற்குச் சுலபம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மாசிப் பனி புல்நுனியில் முத்து முத்தாக (வேண்டாம். கிழங்குக் கதையில் பனிக்கு வேலை இல்லை.)

ஸ்ரீகாந்த், பி.காம். மூன்றாம் ஆண்டு, எதையும் ஒரே நாளில் முடித்துவிடக் கூடியவன். (இருக்கட்டும். அவன் அரியர்களைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.)

3

ஸ்ரீகாந்தின் அண்ணி இளவரசி. மாகறலிலிருந்து கல்யாணமாகி வந்தபோது கூடவே ஒரு கன்றுக்குட்டியும் வந்தது. அதுதான் செவலை. இப்போது ஏழு மாதச் சினை. வீட்டில் மற்றதெல்லாம் எல்லாருக்கும் பொது, செவலை மட்டும் அண்ணிக்கு.

கோடையில் வெறும் வைக்கோலைத் தின்று மாடு இளைத்துப்போகக் கூடாதென்று அண்ணிதான் அந்த அரை சென்ட்டில் தீவன பீட்ரூட் விதை ஊன்றினாள். கிழங்குகள் பாதி உடம்பு மண்ணுக்கு மேலே தெரிய, மஞ்சளாகத் திரண்டு நின்றன. மொத்தம் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். தினம் காலையில் அண்ணி இரண்டு பிடுங்குவாள். மண்ணை உதறி, இலையைக் கையாலேயே திருகி எடுத்து, கிழங்கைச் சீவி வைக்கோலோடு கலந்து வைப்பாள். பிறகு மாட்டுக்கு எதிரே குந்திக்கொள்வாள். மாடு அசை போடும். அண்ணியின் உதடும் அசையும்.

"இன்னா அண்ணி, ஸ்லோகமா?"

"எண்ணிக்கினு கீறேன். ஒரு கவளத்த அம்பது தபாவாச்சும் மெல்லணும். கொறஞ்சா வயிறு சரியில்லன்னு அர்த்தம்."

"மாட்டுக்கு மார்க் போடுற மொத ஆளு நீதான் அண்ணி. பாஸ் மார்க் அம்பதா?"

"உன்ன மாதிரி முப்பத்தஞ்சுல அது திருப்திப்படாது, போடா."

இதை வைத்துக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஸ்ரீகாந்த் ஒரு கட்டுரை எழுதினான். தலைப்பு: 'மாட்டின் எதிரே தியானம்.' நல்ல வரவேற்பு.

4

தங்கையின் வளைகாப்புக்காக அண்ணி மூன்று நாள் மாகறல் போனாள். போகும்போது சொன்னது ஒரே வரி: "நாளிக்கி ரெண்டு கெயங்கு. அதுக்கு மேல வாணாம்."

மிச்சமிருந்த நூற்றிருபது கிழங்கை அறுபது நாள் பிடுங்குவதா? ஸ்ரீகாந்துக்கு இது விவசாயமாகத் தெரியவில்லை, மாத்திரைச் சீட்டாகத் தெரிந்தது. முதல் நாளே நூறைப் பிடுங்கினான்.* ஓஸ் பைப்பால் பளபளவென்று கழுவினான். இலையைக் கத்தியால் தலையோடு சீவினான். தகர ஷீட் போட்ட அறையில் மலையாகக் குவித்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள், மலையே இருக்கும்போது இரண்டு எதற்கு என்று செவலைக்கு ஒரு கூடை வைத்தான். செவலை கூடையையும் நக்கியது.

[* மீதி இருபதை விட்டதற்குக் காரணம் தொலைநோக்கு என்று முதல் வரைவில் எழுதினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.]

5

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணி வந்தபோது செவலை படுத்திருந்தது. இடது வயிறு உப்பியிருந்தது. வாய் அசையவே இல்லை. அறையிலிருந்து புளித்த வாடை அடித்தது. அண்ணி ஒரு கிழங்கை எடுத்தாள். கத்தி பட்ட இடத்தில் அவள் விரல் உள்ளே போனது.

"கழுவுனியா?"

"அழுக்கா இருந்துச்சு அண்ணி."

"மண்ணோட இருந்தாத்தான்டா தாங்கும். அதுக்குத்தான பூமியிலயே வுட்டு வெச்சேன்." அண்ணி கத்தவில்லை. அது இன்னும் பேஜாராக இருந்தது.

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார், சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். "நாளைக்கு காலைல அசை போட்டா பயமில்ல. போடலன்னா கஷ்டம். கன்னுக்கும் சேத்துத்தான்" என்றார்.

இந்த இடத்தில் கதைக்கு முடிவு வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன.

அ) செவலை செத்துப்போகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான சிறுகதைப் போட்டியில் முதல் பரிசு நிச்சயம்.

ஆ) செவலை எழுந்து நிற்கிறது, ஸ்ரீகாந்த் திருந்துகிறான். ஆறுதல் பரிசு.

நோட்டோடு நான் நிற்பதை அண்ணி பார்த்துவிட்டாள்.

"இத்தையும் எழுதுறியா?"

"முடிவு மட்டும் பாக்கி அண்ணி."

"செவலைய சாவடிச்சி எழுதினீனா அந்த நோட்ட உனுக்கே ஊற வெச்சி ஊட்டுவேன்."

6

காலை. ராவெல்லாம் கொட்டகையிலேயே இருந்த அண்ணி இப்போதுதான் முகம் கழுவப் போனாள். அழுகிய மலை எருக்குழிக்குப் போய்விட்டது. இருபது கிழங்கும் மண்ணில் அப்படியே நிற்கின்றன.

ஸ்ரீகாந்த் சாணத்தை ஒதுக்கிவிட்டு செவலைக்கு எதிரே குந்தினான்.

(திருத்தம்: குந்தினேன்.)

செவலையின் கழுத்துக்குள் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. ஒன்று. திரும்பி வந்தது. இரண்டு.

பின்னால் அண்ணியின் காலடி கேட்கிறது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கணக்கு விட்டுப்போகும். அண்ணியும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

இருபத்தொன்பது. முப்பது.

எண்ணிக்கொண்டே எழுத வரவில்லை. இந்த நோட்டைக் கொஞ்சம் பிடியுங்கள்.

முப்பத்தொன்று.