நெருப்பில் குதித்த அண்ணன்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்விய நர்ஸுக்கு இது கடைசி வாய்ப்பு. இதிலும் கோட்டை விட்டால் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை வேறு யாருக்கோ போய்விடும். அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அட்டையை நீட்டி, இந்தத் தலைப்பில் இரண்டு நிமிடம் பேசு என்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பயிற்சி மாஸ்டர் அதற்கும் வழி வைத்திருந்தார்.

"எந்தத் தலைப்பு வந்தா என்ன? சுத்தி வளைச்சு அண்ணன்கிட்ட கொண்டாந்துடு."

எரிகிற வீட்டுக்குள் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றும் அண்ணன். மாஸ்டரே கற்பனையில் பெற்றெடுத்தவன். வகுப்பு மொத்தமும் அவனை உருப்போட்டது.

வீட்டில் ஒத்திகைக்கு நேரம் பார்ப்பது அவளுடைய சொந்த அண்ணன். கடிகாரத்தை வாங்கிக்கொள்வான், குழந்தை வெளியே வருவதற்குள் குறட்டை விடுவான்.

தேர்வன்று அட்டையில் இருந்தது, 'நீங்கள் வியக்கும் ஒருவர்'. இதைவிட வாகாக வருமா? "எனக்கு ஓர் அண்ணன். ஒரு நாள் பக்கத்து வீட்டில் தீ..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காலையிலிருந்து நாலு குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டான். பாவம், அவனுக்கு ஓய்வு கொடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிறவரைச் சொல்லுங்கள்."

அவள் மாஸ்டரை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினாள். அடுத்து, காலையில் அவளை வேறு தேர்வு மையத்தில் இறக்கிவிட்டு இங்கேதான் என்று சாதித்த அந்தத் தடியன், சொந்த அண்ணன், ஞாபகம் வந்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது. சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுவான். காலி பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பான். நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறவளை எழுப்பி, சாக்ஸ் எங்கே என்பான். வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வெளியே கேட்காது என்று நினைப்பு. அவன் தொண்டைக்குக் குழாய்ச் சத்தம் எந்த மூலைக்கு?

நேரம் முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. தேர்வாளர்தான் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார்.

அடுத்த வாரம் முடிவு ஃபோனில் வந்தது. தேறிவிட்டாள். எட்டிப் பார்த்த அண்ணனிடம், அவனைப் பற்றிப் பேசித்தான் தேறியதாகச் சொன்னாள்.

"என்னைப் பத்தியா பேசினே? என்ன சொன்னே?"

"நீ நெருப்புல குதிச்சுக் குழந்தையைக் காப்பாத்தினதா."

"போடி. எவன் நம்புவான்?"

"நம்பலை. அதான் பாஸ்."

அவன் சிரித்தான். பிறகு, கிளம்பும் தேதி எப்போது என்று கேட்டான். சொன்னாள்.

"சரி, நான் குளிச்சிட்டு வரேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனான். காலையில்தான் குளித்திருந்தான். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.