பதிமூணாவது ரவுண்டு

குத்துச்சண்டைல டைசன் ஸ்பிங்க்ஸ தொண்ணூத்தோரு செகண்டுல சாச்சுப்புட்டான்னு பேப்பர்ல வந்த அன்னைக்கே காளிராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறிட்டான். பால்கோவா கடைல அடுப்பு வேல அவனுக்கு. காலைல பால ஊத்தி துடுப்பப் புடிச்சான்னா மத்தியானம் வரைக்கும் கை நிக்கக்கூடாது. அன்னைக்கு மொதலாளிகிட்ட வயித்து வலின்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு, பேப்பர நாலா மடிச்சு சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு ராஜபாளையத்துக்குப் போறான். எதுக்கு? அத்தான் மூஞ்சியப் பாக்கணும். அம்புட்டுதான்.

அத்தான்னா ஐயாதுரை, அவன் அக்கா வெள்ளத்தாயி வீட்டுக்காரரு. ஸ்பின்னிங் மில்லுல பிட்டரு. எண்பதுல முகமது அலி மெட்ராசுக்கு வந்தப்ப லீவு போட்டு, ரயில்ல நின்னுக்கிட்டே போயி, ஸ்டேடியத்துல பாத்துட்டு வந்த ஆளு. "எம்புட்டு தூரத்துல இருந்து பாத்தீக அத்தான்?"ன்னு கேட்டா, "தீக்குச்சித் தல மாதிரித்தான் தெரிஞ்சாரு. ஆனா எரியுற குச்சிலே"ம்பாரு. அந்தப் பாதி கிழிச்ச டிக்கெட்டு இன்னும் ரேஷன் கார்டு ஒறைக்குள்ளதான் இருக்கு.

"தொண்ணூத்தோரு செகண்டு அத்தான்! அக்கா காப்பி ஆத்தி முடிக்குறதுக்குள்ள சோலி முடிஞ்சுபோச்சு. ஒங்க அலி இப்படிச் செஞ்சிருக்காரா?"

"லிஸ்டன மொத ரவுண்டுல படுக்க வச்சது யாருலே, ஒங்க மொதலாளியா? அத விடு. அலி காலத்துல ஃப்ரேசியர், ஃபோர்மன்னு ஒவ்வொருத்தனும் ஒரு புலி. புலிக் காட்டுல ராஜாவா இருந்தவரும், முயலுக் காட்டுல ராஜாவா இருக்குறவனும் ஒண்ணாலே மாப்ளே?"

"டைசனக் கண்டதும் புலியே முயலாயிருது. அதுக்கு அவன் என்ன செய்வான் பாவம்?"

அத்தான் மூஞ்சி சுண்டிப்போச்சு. அதுதான் காளிராஜுக்கு வேணும். ஆனா அவரு விடுற ஆளா? அடி வாங்கி எந்திரிச்சவனத்தான் பெரிய ஆளுன்னு சொல்லணும், ஒன் ஆளு இன்னும் கீழயே விழுகலயேன்னு ஆரம்பிச்சாரு. விழுகாதது ஒரு குத்தமா அத்தான்னு இவன் எகிற, ரெண்டு பேரு சத்தமும் தெரு முக்கு வரைக்கும் போகுது.

வெள்ளத்தாயி அக்கா கதவோரத்துல உக்காந்து பேண்டேஜ் துணி சுத்திக்கிட்டு இருந்தா. சத்திரப்பட்டிக்காரங்க குடுக்குற துணி, வீட்ல வச்சு உருட்டி உருட்டிக் குடுக்கணும்.

"ஏலே தம்பி, ரெண்டு பேரையும் ஒரு தடவ மோத விட்டு முடிச்சுத் தொலைங்களேன்."

"அதெப்படிக்கா? அலி ரிட்டயர் ஆயிட்டாருல்லா."

"இப்ப மட்டும் கையாலயா மோதுறீங்க? வாயாலதான? அத ஒழுங்கா மோதுங்க. நான் மார்க்கு போடுதேன்."

இப்படித்தான் அது ஆரம்பிச்சது. ஞாயித்துக்கெழமைக்கு ஒரு ரவுண்டு. செவுத்துக் கடிகாரத்துல மூணு நிமிசம். அத்தான் அலிக்கு, காளிராஜ் டைசனுக்கு. அவரு ஒரு அடி சொல்லணும், இவன் அதுக்கு ஒரு பதில் சொல்லணும். அக்கா சொம்புல கரண்டியால டங்குன்னு அடிச்சா பெல்லு. ஜெயிச்சவனுக்குப் பத்து, தோத்தவனுக்கு ஒம்பது. மூலை ஒடஞ்ச பழைய சிலேட்டு ஒண்ணுல எழுதி ஆணில தொங்க விட்டா.

எத்தன ரவுண்டுங்கறதுலயே மொத சண்ட வந்திருச்சு. அலி காலத்துல பட்டத்துக்கு மோதுனா பதினஞ்சு ரவுண்டு. இப்பப் பன்னெண்டாக்கிட்டாங்க.

"பதினஞ்சுலே. பழைய ஆளுக்குப் பன்னெண்டு தாண்டித்தான் மூச்சே வரும்."

"இப்ப என்ன சட்டமோ அதான் அத்தான். டைசன் பன்னெண்டுக்கு மேல ஏறுனதே கெடையாது."

"அதத்தாம்லே நானும் சொல்லுதேன்!"

அக்கா கரண்டியத் தூக்கிட்டா. "பன்னெண்டு. எனக்கு அடுப்பு வேல கெடக்கு."

ஆடி போயி ஆவணி, புரட்டாசின்னு ஒவ்வொரு ஞாயிறும் காளிராஜ் கால் கிலோ பால்கோவாவோட வந்து எறங்குவான். அத்தான் கட்டில்ல உக்காந்திருப்பாரு. பெல்லு அடிச்சா போதும், உக்காந்த மேனிக்கே கால் ரெண்டும் ஆட ஆரம்பிச்சிரும். "அலி எடது கைய நீட்டுறாரு, நீட்டிட்டு பின்னால போறாரு, புடி பாப்போம்"பாரு. காளிராஜ் தோளக் குறுக்கிக் குனிஞ்சு, "டைசன் உள்ள வாரான், விலாவுல ஒண்ணு"ன்னு பால் கிண்டுற கைய வீசுவான். மூணாவது ரவுண்டுல, இடுப்புக்குக் கீழ அடிச்சுட்டான்னு அக்கா டைசனுக்கு மார்க்கக் கொறச்சுட்டா.

"நான் சொல்லவே இல்லயேக்கா!"

"கையக் கீழ காட்டுனியே. என் கண்ணு என்ன பொட்டையா?"

அப்படியும் எட்டாவது ரவுண்டுக்கு டைசன் முந்திட்டான். அன்னைக்குத்தான் அத்தான் நடுவுல வாயப் பொத்திக்கிட்டு கொல்லைக்கு ஓடுனாரு. காளிராஜ் சிரிச்சுக்கிட்டே, "என்ன அத்தான், விலாவுல விழுந்தது வயித்துக்குப் போயிருச்சா?"ன்னான். அக்கா சிரிக்கல. கொல்லைல போயிப் பாத்தா, வாந்தி காப்பிக் கசடு மாதிரி கருப்பாக் கெடக்கு.

மதுரைல ஒரு பெரிய டாக்டர்கிட்டக் காமிச்சாங்க. குடல் புண்ணு முத்திப்போச்சு, வெட்டித்தான் எடுக்கணும், தள்ளிப் போட்டா எப்ப ஒடையும்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு. அத்தான் சரின்னு தலைய ஆட்டிட்டு, பஸ்ல வரும்போதே மாட்டேன்னுட்டாரு. அவரு ஷிப்டுல வேல பாத்த சங்கையா ஒரு சின்ன ஆபரேஷனுக்குன்னு நடந்து போனவர, பொறவு வீட்டுக்குப் பொணமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. "நானும் ஒரு கை புடிச்சு எறக்குனேன்லே"ங்கறத மட்டும் சொன்னாரு.

அக்கா அழுதா, ஏசுனா. "மொதல்ல இந்தப் பன்னெண்டு ரவுண்டு முடியட்டும் ஏட்டி, பொறவு பாப்போம்"னே சொல்லிக்கிட்டு இருந்தாரு.

ஆஸ்பத்திரி அலைச்சல்ல அஞ்சாறு ஞாயிறு தவறிப்போச்சு. தீபாவளிக்கு முந்துன ஞாயிறு. பால்கோவா கடைல மூச்சு விட நேரம் கெடையாது. அப்படியும் காளிராஜ் வந்துட்டான், பன்னெண்டாவது ரவுண்டாச்சே. அத்தான் கன்னமெல்லாம் ஒட்டிப்போயி உக்காந்திருந்தாரு. பெல்லு அடிச்சது. அவரு கால் ஆடல.

"அலி எடது கைய நீட்டுறாரு"ன்னாரு. அதுக்குப் பொறவு, "அம்புட்டுதான். நிக்காரு"ன்னாரு.

"நகருங்க அத்தான்! டைசன் உள்ள வாரான்ல!"

"வரட்டும்லே."

காளிராஜ் கைய ஓங்குனவன் ஓங்குன மேனிக்கே நிக்கான். அடிக்க வாய் வரல. கடிகார முள்ளு மட்டும் சுத்துது. மூணு நிமிசம் ஆச்சு, டங்.

"நீ ஜெயிச்சுட்டலே மாப்ளே"ன்னு சொல்லிட்டு அத்தான் தலகாணிக்கு அடில இருந்து ரேஷன் கார்ட எடுத்தாரு. ஒறைக்குள்ள இருந்து அந்த டிக்கெட்ட உருவி இவன் கைல வச்சாரு. "ஜெயிச்சவனுக்குக் குடுக்க பெல்ட்டு கெடயாது. இத வச்சுக்க."

தொட்டுப் பாக்கவே விடமாட்டாரு அந்த டிக்கெட்ட. குடுக்குறாருன்னா, இந்த மனுசன் ஆஸ்பத்திரிக்கே போறதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு. காளிராஜ் அக்காவப் பாத்தான். அவ கரண்டியப் புடிச்சபடிக்கு அந்த டிக்கெட்டையே பாத்துக்கிட்டு இருக்கா.

"இது செல்லாது"ன்னான் காளிராஜ்.

"என்னலே செல்லாது?"

"பன்னெண்டு ரவுண்டு ஒங்க ஆளுக்குச் செல்லாது. அவரு பதினஞ்சு ரவுண்டு ஆளு. பாதில நிப்பாட்டிட்டு நான் ஜெயிச்சேன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? இன்னும் மூணு கெடக்கு."

"சட்டத்த மாத்தாதலே."

"அக்காதான ஜட்ஜு? யக்கா, சொல்லு."

அக்கா மூக்க உறிஞ்சிக்கிட்டா. "பதினஞ்சு"ன்னா. "பதிமூணாவது மதுரைல."

அத்தான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. தெருவுல எவனோ ஒத்த வெடி போட்டான். அந்தச் சத்தம் அடங்கவும், "டைசன் தாங்குவானாலே, பதினஞ்சு?"ன்னாரு.

நாலு மாசமா இந்த ஒரு கேள்விக்கு மட்டும் காளிராஜ் பிடி குடுத்ததே இல்ல. "தெரியல அத்தான். அவனுக்குப் பதிமூணு எப்படி இருக்கும்னே தெரியாது"ன்னான். "ஒங்களுக்குத்தான் வழி தெரியும். நீங்க மொதல்ல போங்க, நான் கூடவே வாரேன்."

டிக்கெட்ட திரும்ப ஒறைக்குள்ள அவனே வச்சான். அத்தான் தடுக்கல.

பதிமூணாவது ரவுண்ட ஆஸ்பத்திரி வார்டுல, ஆபரேஷனுக்கு முந்துன நாள் சாயங்காலம் வச்சாங்க. நர்சு ஏசுவாங்கன்னு அக்கா பெல்லுக்குப் பதிலா வளையலத் தட்டுனா. அலி கொஞ்சம் நகந்தாரு.

ஆபரேஷன் முடிஞ்சு பதினாலாவதுக்கு அத்தான் மூக்குல டியூப்பு. வாயத் தொறக்கக்கூடாது. முழிச்சுக் கெடக்காரு, அம்புட்டுதான். காளிராஜ் கட்டில் பக்கத்துல குந்திக்கிட்டு, "டைசன் வாரான்"னான். அலிக்கும் சேத்து அவனே, "அலி எடது கைய நீட்டுறாரு, நீட்டிட்டுப் பின்னால போறாரு"ன்னான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே தெரியுது, அந்த ஆள எட்டிப் புடிக்கறது எம்புட்டு கஷ்டம்னு. மூணு நிமிசத்துல டைசன் ஒத்த அடி அடிக்கல. போர்வைக்கு அடில அத்தான் காலு ரெண்டும் லேசா அசையுது. அக்கா அதப் பாத்துட்டா. பாத்துட்டு, கட்டுப் போட்ட வயித்துப் பக்கம் போர்வைய இழுத்து விட்டுக்கிட்டே, "துணி நம்ம சத்திரப்பட்டித் துணி மாதிரில்லா இருக்கு, சுத்துனவதான் சரியில்ல"ன்னா.

வீட்டுக்கு வந்த மொத ஞாயிறு, பதினஞ்சாவது. பால்கோவா கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால காளிராஜ் வெறுங்கையோட வந்தான். அத்தான் தலகாணில சாஞ்சுக்கிட்டு, "ஏட்டி, இதுவரைக்கும் எத்தன மார்க்கு? சிலேட்டக் காட்டு"ன்னாரு.

அக்கா சிலேட்ட எடுத்தா. அதுல பத்தும் இல்ல, ஒம்பதும் இல்ல. காலைல எட்டு மணிக்கு வெள்ள மாத்திர, மத்தியானம் கஞ்சிக்கு முந்தி மருந்து, ராத்திரி மஞ்ச மாத்திரன்னு பூராவும் நெருக்கி எழுதிக் கெடக்கு.

"அழிச்சுட்டியாக்கா!"

"மதுரைல எழுதுறதுக்கு வேற என்ன இருந்துச்சு?"

காளிராஜ் தலைல கைய வச்சுட்டான். நாலு மாசத்துச் சண்ட. யாரு முந்துனா, யாரு பிந்துனான்னு ஒண்ணுக்கும் கணக்கில்ல. அத்தானுக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா தையல் இழுக்குது, வயித்தப் புடிச்சுக்கிட்டு, "மொதல்லருந்துதாம்லே மாப்ளே"ங்காரு.

"பதினஞ்சா அத்தான்?"

"பதினஞ்சு."

"சிரிக்காதீக, தையலு!"ன்னு அதட்டிக்கிட்டே அக்கா சொம்பத் தேடி எடுத்தா. டங்.