ஏழு மணிக்கு மறுபடி வரும்

எங்கள் வட்டாரத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. என்னைப் பிடித்தவர்கள்தான் கிடையாது. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எல்லா வீடுகளுக்கும் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் போகும். எடுத்தால், "வணக்கம். இது உங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் செய்தி" என்று ஒரு பெண் பேசுவாள். அது நான்தான். இலவசப் பல் பரிசோதனை, பஸ் நேர மாற்றம், தேர்வுக்குத் தனி வகுப்பு, பழைய சீருடை வேண்டுவோர் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் என் வாயால்தான் ஊருக்குப் போக வேண்டும். காலையில் அறையின் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய வழிய ஒலிப்பதிவு செய்வேன்.

செய்தி போன பிறகு கணினி ஒரு கணக்குக் காட்டும். முழுதாகக் கேட்டவர்கள் யார், பாதியில் துண்டித்தவர்கள் யார் என்று. பெரும்பாலானவர்கள் 'வணக்கம்' முடிவதற்குள் ஓடிவிடுவார்கள். இயந்திரமும் லேசுப்பட்டதல்ல, துண்டித்த வீடுகளைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி அழைக்கும். அதையாவது கேட்கிறார்களா என்று பார்க்கும் துணிச்சல் எனக்கு வந்ததே இல்லை. என் மகனும் அரசுப் பள்ளிதான் என்பதால் எங்கள் வீட்டுக்கும் அந்த போன் வரும். என் வீட்டுக்காரர், திரையில் அலுவலகத்தின் பெயரைப் பார்த்த உடனே கட் பண்ணிவிடுவார். "நாள் பூரா நேர்லயே கேக்கறேன், போன்லயும் வேறயா" என்பார்.

இப்படி யாரும் காதில் போட்டுக்கொள்ளாத குரலுக்கு ஒரே ஒருத்தி பதில் எழுதினாள். பத்தாம் வகுப்பு மாணவி. பள்ளிக் கணினி அறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "மழை என்று விடுமுறை விடுகிறீர்கள். எவ்வளவு பெய்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நான் அளந்திருக்கிறேன். அனுப்பட்டுமா?" கீழே 'மழைக்காரி' என்று கையெழுத்து. தண்ணீர் பாட்டிலை வெட்டி, ஓரத்தில் ஸ்கேலை ஒட்டி, பால்கனியில் வைத்து அளக்கிறாளாம். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதிலிருந்து திங்கட்கிழமை செய்தியின் கடைசி வரி அவளுடையது. 'சென்ற வாரம் பெய்த மழை இவ்வளவு. அளந்தவர் நம் மாணவி ஒருவர்.'

"வானிலைக்குன்னு தனி ஆபீஸே இருக்கேம்மா" என்றார் எங்கள் அதிகாரி.

"அவங்க வீட்டுக்கு வீடு போன் பண்றதில்லையே சார்" என்றேன்.

வானிலை ஆய்வு மையம் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பயிற்சி இடம் கொடுத்தபோது அவள் விண்ணப்பித்தாள். இரண்டு மாதம் அங்கேயே தங்கிப் பயிற்சி, செலவு முழுவதும் வட்டாரத்துடையது, நன்றாகச் செய்தால் மேல்படிப்புக்கும் மையமே பொறுப்பு. 'தேர்வாகாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு, 'அம்மாவோடு தையல் வேலைக்குப் போவேன். பாட்டிலும் கூட வரும்' என்று எழுதியிருந்தாள். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். இருப்பது ஒரே இடம், அது ஒரு பையனுக்குப் போயிற்று. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு திங்கட்கிழமை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்பதால் பள்ளிகளுக்கு விடுமுறை. பகல் செய்தியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மையத்திலிருந்து போன். அந்தப் பையனின் அப்பாவுக்கு வெளியூர் மாற்றலாம், பையன் வரவில்லையாம். அடுத்த பெயரின் பெற்றோர் நான்கு மணிக்குள் சம்மதம் சொன்னால் இடம் அவளுக்கு, இல்லையென்றால் பக்கத்து வட்டாரத்துக்கு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்குத் தனியாக போன் கிடையாது. பள்ளி திறந்தால்தான் மின்னஞ்சல் பார்ப்பாள். விண்ணப்பத்தில் இருந்தது அவள் அம்மாவின் எண் ஒன்றுதான். அழைத்தேன். எடுத்தார்கள். சந்தோஷத்தில் நாக்கு பழக்கப்பட்ட வழியிலேயே போய்விட்டது. "வணக்கம். இது உங்கள் வட்டாரக் கல்வி..."

கட்.

மறுபடி அழைத்தேன். "அம்மா, கட் பண்ணிடாதீங்க, நான் நிஜமாவே ஆள்தான் பேசறேன்..."

அந்தப் பக்கம் தடதடவென்று ஏதோ ஓடும் சத்தம். அதற்கு நடுவே அந்த அம்மா யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. "இப்பல்லாம் மிஷினே கட் பண்ணாதீங்கன்னு கெஞ்ச ஆரம்பிச்சிடுச்சு பாரு."

கட். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை.

மாணவர் உதவிப் பிரிவைப் பார்ப்பவர் முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். இன்றைக்கும் அவருக்குப் பெயர் கணக்கு வாத்தியார்தான். "உங்க குரல்தான் மேடம் பிரச்சினை. நான் பேசறேன்" என்று தன் சொந்த போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"அம்மா, ஸ்கூல் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க பொண்ணு விஷயமா உங்க சம்மதம் வேணும்..."

"யாருய்யா நீ?" என்றது அந்தப் பக்கம். அப்புறம் நிறுத்தி நிதானமாக ஒப்பித்தது. "பள்ளியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும், எந்த விவரமும் தராமல், உடனே துண்டித்துவிடுங்கள். கேட்டுக்கோ."

கட்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "இது போன வாரம் நீங்க சொன்னதுதானே மேடம்?"

நான் சொன்னதேதான். மோசடி போன்கள் வருகின்றன என்று புகார் வந்தபோது நானே எழுதி நானே பேசிய எச்சரிக்கை. என் விரலாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சொல் பிசகாமல், நான் மூச்சு வாங்கிய இடத்தில்கூட மூச்சு வாங்கிச் சொன்னாரே, அது எப்படி? அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

"வண்டியை எடுங்க சார்" என்றேன்.

கணக்கு வாத்தியாரின் ஸ்கூட்டர் அவரைவிட நிதானம். பின்னால் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் இருந்த முகவரி ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியில் வெட்டிய பாட்டில் ஒன்று கட்டியிருந்தது. வீடு பூட்டியிருந்தது.

கீழே காவலாளியிடம் விசாரித்தேன். அவர் தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தார்.

"இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே. ஏழேகால் பஸ்ஸை ஏழு மணிக்கு மாத்தினது நீங்கதானா?"

"நான் சொன்னேன் அவ்வளவுதான் ஐயா, மாத்தினது வேற ஆளு."

"என் பேத்தி ஒரு வாரம் பஸ்ஸை விட்டுட்டா, தெரியுமா? அந்த போனை எவன் முழுசா கேக்கறான்?"

கைகூப்பினேன். நியாயம் கேட்டு முடித்த பிறகே வழி சொன்னார். கடைத்தெருவில் பெயின்ட் கடைக்கு மேலே திரைச்சீலை தைக்கும் இடமாம். பள்ளி விடுமுறை என்றால் மகளும் அம்மாவோடு போய்விடுவாளாம்.

படிக்கட்டில் ஏறும்போதே தடதடவென்ற அந்தச் சத்தம் கேட்டது. போனில் கேட்ட அதே சத்தம். உள்ளே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. தரையெங்கும் நீலமும் பச்சையுமாகத் துணி மலை மலையாகக் கிடந்தது. மூச்சு வாங்க, "கொஞ்சம் நிறுத்தறீங்களா? ஒரு முக்கியமான விஷயம்" என்றேன்.

எல்லா மிஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன.

"யாருடி போனை ஸ்பீக்கர்ல போட்டது?" என்றாள் மூலையில் ஒருத்தி.

அறையே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணியை மடித்துக்கொண்டிருந்தவர், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு எழுந்தார். அவர்தான் அம்மா என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வந்த விஷயத்தைப் படபடவென்று கொட்டினேன். அவர் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"குரல் அதேதான். ஆனா குரலை வெச்சு பொண்ணை அனுப்ப முடியுமாம்மா? இப்பல்லாம் யாரு குரல்ல யாரு வேணும்னாலும் பேசறாங்க. அதையும் நீங்கதானே சொன்னீங்க?"

அலுவலக அடையாள அட்டையை நீட்டினேன். அதிலிருந்த பத்து வருஷத்துக்கு முந்தைய நான் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் தன்னுடையதை நீட்டப் போனார். "நீங்கதானே அந்த இன்னொரு போனு?" என்று கேட்டு அவரை ஓரம் கட்டினார் அந்த அம்மா. சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த அறையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டேன்.

"மழைக்காரி எங்கே?"

தொங்கிக்கொண்டிருந்த ஒரு நீலத் திரைச்சீலை விலகியது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் வெளியே வந்தாள். நான் மனதில் நினைத்து வைத்திருந்ததைவிட ஒரு சாண் குள்ளம்.

"அம்மா, இவங்க நிஜம்தான்" என்றாள். "அந்தப் பேரு இவங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்." அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னிக்கு ஸ்கூல் லீவு, அதான் கணக்கு அனுப்ப முடியல. நாலு மில்லிமீட்டர். எழுதிக்கறீங்களா?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் குதிக்கவில்லை. கண் மட்டும் அகலமாகிக்கொண்டே போயிற்று. "அங்க மழைமானி பித்தளையா?" என்று கேட்டாள்.

"தெரியலையே. நீ போய்ப் பாத்து சொல்லு."

அம்மா மகளைப் பார்த்தார். "ரெண்டு மாசம். தனியா. போவியா?"

"போவேன்."

"அப்ப போவா" என்றார் என்னிடம்.

மையத்தை அழைத்தேன். என் வாய்ச்சொல் போதாதாம், அவர்களே அம்மாவின் எண்ணுக்கு அழைத்துப் பேசுவார்களாம். போனை மேசைமேல் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். அது அடித்தது. அறிமுகமில்லாத எண். அந்த அம்மாவின் கட்டைவிரல், பாவம், பழக்க தோஷத்தில் நேராகச் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போயிற்று.

"கட் பண்ணாதீங்கக்கா!" மொத்தக் கடையும் அலறியது. கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

விரல் அந்தரத்தில் நின்றது. பச்சைக்கு நகர்ந்தது. "ஆமாங்க. நான்தாங்க அம்மா. சம்மதங்க. முழு சம்மதம்" என்றார். சொல்லி முடித்துவிட்டுத் துணி மலைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தையல்காரப் பெண்கள் மழைக்காரியைத் திரைச்சீலையோடு சேர்த்துச் சுற்றித் தூக்கினார்கள். வாத்தியார் யாருக்குக் கை கொடுப்பது என்று தெரியாமல் எனக்கே இரண்டு முறை கொடுத்தார். அத்தனை சந்தோஷம் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட எனக்கு இருந்ததில்லை.

கிளம்பும்போதும் மனது கேட்கவில்லை. வாய் சும்மா இருக்குமா? "நல்ல சேதி சொல்லத்தானேம்மா கூப்பிட்டேன். தினமும் வணக்கம் சொல்றதுக்குள்ள கட் பண்ணிடறீங்களே, அவ்வளவு மோசமாவா இருக்கு என் குரல்?" என்று கேட்டே விட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"மிஷின் சத்தத்துல பாதிதானேம்மா காதுல விழும். கட் பண்ணாத்தானே ஏழு மணிக்கு மறுபடி வரும்? அப்பதான் சாப்பிட உக்காருவோம். ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல வெச்சுக்குவோம். திங்கக்கிழமை இவ கணக்கு கடைசியில வரும் பாருங்க, அது வர வரைக்கும் தட்டைக் கழுவக்கூட யாரும் எழுந்திருக்க மாட்டோம். நீங்க சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்."

பேச்சையே பிழைப்பாக வைத்திருப்பவள், அந்தப் படிக்கட்டில் ஊமையாக இறங்கி வந்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி, ஜன்னலைச் சாத்தி, ஏழு மணிச் செய்தியின் முடிவில் மூன்று வரி சேர்த்தேன். அன்று வியர்த்தது உறைக்கவே இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எங்கள் வீட்டு போன் அடித்தது. வீட்டுக்காரரின் கை வழக்கம்போல நீண்டது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"கடைசி வரைக்கும் கேளுங்க. விஷயமே கடைசியிலதான் இருக்கு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டார். பல் பரிசோதனை போயிற்று, பஸ் நேரம் போயிற்று. 'சென்ற வாரம் பெய்த மழை நான்கு மில்லிமீட்டர். அளந்த மாணவி வானிலை ஆய்வு மையத்துக்குப் பயிற்சிக்குப் போகிறார். அவர் திரும்பும் வரை அவர் அம்மா அளந்து சொல்வார்' என்றது என் குரல்.

அந்த அம்மாவிடம் அதற்கு நான் சம்மதம் கேட்டிருக்கவில்லை. ஆனால் மூன்றாவது மாடியில் அந்த நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.