ஒரே கடிதத்தின் இரண்டு படிகள்

1

இந்தக் கதை எனக்கு வினிகர் நாற்றத்தோடு கிடைத்தது. அப்படித்தான் தொடங்கியிருந்தேன். இருநூற்றைம்பது வருடம் கழித்து எந்தக் காகிதமும் வினிகர் நாறாது என்று நிவெஸ் அந்த வரியை அடித்துவிட்டாள். வெனிஸில் நான் உட்காரும் ஆவணக் காப்பகத்தில் கட்டுகளை எடுத்துத் தருபவள் அவள். பதினெட்டு வருடமாக என் முதல் வாசகியும் அவள்தான், வேறு யாரும் முன்வராததால்.

உண்மை இதுதான்: அந்தக் காலத்து மணி வார்ப்புக்காரர் ஒருவரைப் பற்றித் தேடிப் போனேன், வெத்தோரின் கடிதக்கட்டு கிடைத்தது. மணிக்காரர் போன இடம் தெரியவில்லை.

2

வெத்தோர், இஸ்தான்புல்லில் வெனிஸ் குடியரசின் தூதர். [அரசாங்கத்துக்கு அவர் எழுதியவை வேறு கட்டுகளில் இருக்கின்றன. நான் தொடவில்லை. தூக்கம் வந்துவிடும்.] இவை மனைவி ஓர்செத்தாவுக்கு எழுதியவை. பூனை குட்டி போட்டது, காலுறை கிழிந்தது, நம்மூர்ப் பாலாடைக்கட்டி இல்லாமல் உயிர் போகிறது.

தூதரகத்தில் எதை எழுதினாலும் இரண்டு படி எடுப்பார்கள். ஒன்று கடல் வழியாக, ஒன்று தரை வழியாக. கப்பல் மூழ்கினாலும் குதிரைக்காரர் வந்து சேருவார். கொள்ளைநோய்க்குப் பயந்து, வெனிஸ் வாசலில் கடிதங்களைக் கத்தியால் கீறி, வினிகர் தெளித்து, புகை போட்டு உள்ளே விடுவார்கள். இந்தக் கட்டில் உள்ள அத்தனை கடிதங்களிலும் அந்தக் கீறல் உண்டு.

மூன்று வருடம் இப்படிப் போனபின் ஓர்செத்தா எழுதினாள்: “மார்ச் கடைசியில கப்பல் கெளம்புது. நான் வரட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. பூனைக் கதையெல்லாம் அப்புறம்.”

3

“பனி படர்ந்த ஒரு காலையில், போஸ்பரஸ் நீரிணையின் மேல்…” வேண்டாம். அன்று அந்த மனிதர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

‘வா’ என்று எழுதினார். மை காய்ந்ததும் கடல் வழிப் பையில் போட்டனுப்பினார். பிறகு கைவசமிருந்த வரைவைப் பார்த்து இரண்டாம் படி எடுக்க உட்கார்ந்தார்; மனைவிக்கு எழுதுவதை மட்டும் எழுத்தரிடம் கொடுப்பதில்லை. அப்போது மொழிபெயர்ப்பாளர் ஆந்தோனாக்கி உள்ளே வந்தார்.

“ஐயா, கீழ்த்தெரு ரொட்டிக்கடைக்காரர் செத்துட்டார். கொள்ளைநோய்தான்.”

“நேத்துகூட நல்லாத்தானேப்பா இருந்தார்?”

“நேத்து நல்லாத்தான் இருந்தார்.”

“கடல் வழிப் பை?”

“கப்பலேறிடுச்சு. அம்மாவை வரச் சொல்லிட்டீங்களா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“காலையிலேருந்து பாட்டுப் பாடிக்கிட்டே எழுதினீங்களே. இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.”

[ஆந்தோனாக்கி என் கற்பனை. செய்தியை யாராவது கொண்டுவர வேண்டாமா? இப்போது அவரைக் கதையிலிருந்து அனுப்ப மனமில்லை.]

‘வா’ இருந்த இடத்தில் வெத்தோர் ‘வராதே’ என்று எழுதினார். காரணம் எழுதினால் பயந்துவிடுவாள் என்று எழுதவில்லை. மற்றதெல்லாம் அட்சரம் பிசகாமல் முதல் படியில் இருந்தபடியே, பாலாடைக்கட்டி உட்பட. படியெடுத்துப் பழகிய கை. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒரு குறிப்புகூட வைக்கவில்லை. தரை வழிப் பை போன பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அடுத்த தபால் வெனிஸ் போய்ச் சேருவதற்குள் மார்ச் முடிந்துவிடும்.

4

இரண்டும் ஒரே நாளில் ஓர்செத்தாவின் கைக்கு வந்தன. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அழுகிறாள், பூனைக் கதையை நிறுத்தச் சொன்னவள் அப்படி அழமாட்டாள், கிழித்துவிட்டேன். இரண்டாவதில் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறாள். மூன்றாவதில் அவள் ஏறிய கப்பல் கோர்ஃபு தீவைத் தாண்டியதும்… அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

‘வராதே’ படியின் பின்பக்கம் அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: பாலாடைக்கட்டி, இரண்டு. கம்பளிக் காலுறை, ஆறு. என் தலையணை.

ஓடிப்போய் நிவெஸிடம் காட்டினேன்.

“பாத்தியா? கெளம்பிட்டா!”

“அனுப்பி வெச்சிருப்பா. மூணு வருஷமா தனியாப் படுக்கற மனுஷன். அவ தலையணையாவது இருக்கட்டும்னு.”

“அப்போ இதுக்கப்புறம் ஏன் ஒரு கடிதம்கூட இல்ல?”

“உன் ரொட்டிக்கடைக்காரருக்கு வந்தது அவருக்கும் வந்திருக்கும்.”

“ஒரே வீட்டுல இருக்கறவங்க எதுக்குக் கடிதம் எழுதணும்?”

நிவெஸ் கடிதக்கட்டை நாடாவால் கட்டினாள். “உனக்கு அவங்களைப் புடிச்சுப்போச்சு. அதான் இப்படிப் பேசற.”

ஆமாம், பிடித்துப்போய்விட்டது.

5

ரொட்டிக்கடைக்காரரைச் சாகடித்ததும் நான்தான். கடிதத்தில் நோயைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ‘வராதே’க்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது அவரைப் பிழைக்க வைத்தால் ஓர்செத்தாவுக்கு ஆபத்தில்லை. ஆனால் வெத்தோர் சும்மாவே அவளை வேண்டாமென்று சொன்னவராகிவிடுவார். அதை எழுத என்னால் ஆகாது. கடைக்காரரைச் சாகவே விட்டால், வெத்தோருக்கு அவள்மேல் உயிர் என்றாகும். அவள் இறங்கப்போகும் ஊரிலோ நோய்.

இதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. கப்பலில் தலையணை ஏறிவிட்டது. அது மூட்டையோடு போனதா, அவள் கையில் இடுக்கிக்கொண்டு போனாளா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். இஸ்தான்புல் துறைமுகத்தில் ஆந்தோனாக்கியை நிறுத்தி வையுங்கள், மனிதர் உதவியாக இருப்பார்.

எழுதும்போது இரண்டு படி எடுங்கள். ஒன்றிலாவது அவள் நல்லபடியாக வந்து இறங்கட்டும்.