யூரியா குடித்த மரவள்ளி

ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் மேல் ஆணை. சாமியின் இரண்டு பாதியும் கேட்டுக்கொள்ளட்டும். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரன் வேடியப்பன் மரவள்ளி நட்டிருந்தான். பொட்டாஷ் ஒரு கைப்பிடி போடவில்லை. யூரியாவை மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டினான். செடி வளர்ந்த வேகத்தில், காலையில் கிளையில் உட்கார்ந்த காக்கை மத்தியானம் கீழே இறங்கப் பயந்து கத்தியது. கிழங்கோ வேலிக்கு அடியில் நுழைந்து எங்கள் அடுப்படியில் தலை நீட்டியது. வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை. என் மனைவி தைலம்மாள் வெட்டி வேகவைத்தாள்.

மரவள்ளியைத் திறந்த சட்டியில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அன்றைக்குக் கூரை ஒழுகியது. சட்டியில் மழைத்தண்ணீர் விழுமே என்று அவள் மூடிவிட்டாள், வடிக்கவும் மறந்துவிட்டாள்.

கிழங்கு கசந்தது. அவள் மனம் நோகக் கூடாதே என்று தட்டு முழுக்க விழுங்கினேன். கை கழுவ வெளியே வந்தால், கிழங்குத் தோலைத் தின்ற எங்கள் வெள்ளாடு கால்கள் விறைத்துச் செத்துக் கிடந்தது.

கழுவாத கையோடு வேலிக்கு ஓடினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேடியப்பன் நின்றான். "மாமா, கெழங்கு கசந்துச்சா?"

"கசந்துச்சுடா."

"ஐயையோ! யூரியா ஜாஸ்தியானா கெழங்குல வெஷம் ஏறும்னாங்க. பொட்டாஷ் போட்டா கம்மியாவுமாம்."

"எப்படா சொன்னாங்க?"

"நடுறதுக்கு முன்னாடியே."

தைலம்மாள் அழவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அழுதிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"இன்னாங்க, தல சுத்துதா?"

"நீ கேக்கறவரைக்கும் சுத்தல."

நாக்கு தடித்தது. விரல் நுனிகள் மரத்தன. வேடியப்பன் பைக்கை எடுத்தான். என்னை நடுவில் உட்காரவைத்து, பின்னால் தைலம்மாள் இறுகப் பிடித்துக்கொள்ள, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

"மாமா, பேசிக்கினே வா. நீ பேச்ச நிறுத்தினா எனுக்கு கையி நடுங்குது, வண்டி கவுந்துரும்."

செத்தாலும் வண்டியில் சாகக் கூடாது என்று, தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லி அவனை வைதுகொண்டே போனேன். வார்த்தைகள் தீர்ந்தபோது தொண்டை வறண்டு, கண் இருட்டியது. நல்லவேளை, ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கிழங்கு வந்தது, தண்ணீர் வந்தது, கடைசியாக ஒரு பச்சைத் துளிர் வந்தது. பார்த்ததும் நர்சம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"டாக்டர், வேரு உள்ளயே கீதா?" என்று கேட்டேன்.

அவர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "பொழைச்சீங்க பெரியவரே" என்றார். வேருக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பயம் இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

மரவள்ளிக்கிழங்கை நான் பிறந்ததிலிருந்து வாயில் வைத்ததே இல்லை.