துணைக்கு ஒரு எதிரி

பள்ளி இறுதித் தேர்வில் இத்தோ தேறிவிட்டாள் என்ற செய்தி வந்த அன்று, அவள் அப்பா மோஹா சேவல் அடித்து, ஊராரைக் கூப்பிட்டு கூஸ்கூஸ் விருந்து வைத்தார். மறுநாள் அவள் பல்கலைக்கழகப் பேச்சை எடுத்ததும் மனிதர் மாறிப்போனார். பல்கலைக்கழகம் இருக்கும் பெனி மெல்லால் நகரம் மலைக்கு அந்தப் பக்கம். அஸிலாலில் படித்தபோதாவது பள்ளி விடுதி இருந்தது, வாசலில் காவலாள் இருந்தான். அங்கேயோ வெளியில் அறை எடுத்துத் தங்க வேண்டும்.

"வாடகை வீட்டுல தனியா ஒரு பொண்ணா? முடியாது. நம்ம ஊர்லேருந்து இன்னொரு பொண்ணு வந்தா அனுப்புறேன்" என்றார்.

அவர் துணிந்து சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் ஊரில் தேறிய இன்னொரு பெண் பஸ்ஸூவின் மகள் ரக்கியா மட்டும்தான். வயல் எல்லையில் நிற்கும் அக்ரூட் மரம் யாருடையது என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. அஸிலால் விடுதியில் ஒரே கூடத்தில் படுத்திருந்தும் இரண்டு பெண்களும் 'ஜன்னலைச் சாத்து' என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

இத்தோ இரண்டு நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஓடைக்குப் போனாள். அங்கே ரக்கியா முழங்கால் தண்ணீரில் நின்று கம்பளி அலசிக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தை இத்தோ சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

ரக்கியா கம்பளியைப் பிழிந்தபடியே கேட்டுவிட்டு, "எங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு. நீ என்கூட வரமாட்டேங்கிற தைரியம்" என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள். சொந்த அப்பாவிடம் போனால் கத்துவார். அடுத்த வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றால் எந்த மனிதனும் கத்த முடியாது.

ஆக, இத்தோ பஸ்ஸூவின் வீட்டுக்குப் போனாள். அவர் திகைத்துப்போய், வேறு வழியில்லாமல் புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு வந்தாத்தான் என்னை அனுப்புவாராம், மாமா."

"மோஹாவா அப்படிச் சொன்னான்?"

"இன்னொரு பொண்ணு வந்தா அனுப்புறேன்னாரு. ஊர்ல இன்னொரு பொண்ணு யாரு இருக்கா?"

பஸ்ஸூ மீசைக்குள் சிரித்துக்கொண்டே இரண்டாவது கோப்பையை ஊற்றினார். மோஹா தன் பெண்ணை அனுப்பினான், பஸ்ஸூவின் பெண் வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று நாளைக்கு ஊர் சொல்லிவிடக்கூடாதே என்றும் அவருக்குத் தோன்றியிருக்கும்.

அதே நேரத்தில் மோஹாவின் முற்றத்தில் ரக்கியா நின்றுகொண்டிருந்தாள். மோஹா ஆட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். இத்தோவின் அம்மாதான் வெளியே வந்தாள். "வாக்கு குடுத்தது நீங்க. இப்ப பொண்ணு வாசல்ல நிக்குது. உள்ள கூப்பிடுங்க" என்றாள்.

புறப்படும் நாளில் பெண்களோடு இரண்டு அப்பாக்களும் லாரியில் ஏறினார்கள். ஒருவர் முன்பக்க மூட்டைமேல், மற்றவர் பின்பக்க மூட்டைமேல். நடுவில் செம்மறிகளோடு பெண்கள். வழி நெடுக அப்பாக்கள் இரண்டு பேரும் பள்ளத்தாக்கைத்தான் பார்த்தார்கள்.

பெனி மெல்லாலில் வீட்டுக்கார அம்மா அறையைத் திறக்குமுன் கேட்டாள்: இரண்டு பெண்களும் ஒத்துப்போவார்களா, சண்டைக்காரர்களுக்கு அவள் இடம் தருவதில்லை.

மோஹா தொண்டையைக் கனைத்தார். "அக்கா தங்கச்சி மாதிரிங்க."

"ஒண்ணா வளந்ததுங்க" என்றார் பஸ்ஸூ, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இத்தோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரக்கியா அவள் முதுகில் கிள்ளினாள்.

கதவின் தாழ்ப்பாள் ஆடியதை இரண்டு அப்பாக்களும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள். பெண்கள் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்தபோது கதவில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. மாடிப்படியில் அப்பாக்கள் அருகருகே உட்கார்ந்து, ஒரே ரொட்டியைப் பிய்த்து ஆலிவ் காயோடு தின்றுகொண்டிருந்தார்கள்.

"எதுக்குப்பா ரெண்டு?" என்றாள் இத்தோ.

"கீழ இருக்கிறது அவன் போட்டது. நிக்காது" என்றார் மோஹா.

"மேல இருக்கிறதுக்கு ஆணியே சரியில்ல" என்றார் பஸ்ஸூ, ஆலிவ் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டபடி.

அவர்கள் லாரிக்குப் புறப்பட்டுப் போனதும் பெண்கள் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். இரண்டும் கெட்டியாகத்தான் இருந்தன.