வடபள்ளத்தின் முதல் தடம்

பனிக்கு மேலே மூங்கில் தலை தெரிகிறவரை மலை சரியாது என்று எந்த மடையன் சொல்லிவைத்தானோ, ஊரே அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு தொங்கியது. சவாகோவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பனிச்சறுக்குத் தளத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அன்று காலை வடபள்ளத்தின் மேல்சரிவில் குழி தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் வழியை மறித்துக் கயிறு கட்டியிருந்தாள். அடியில் கிடந்தது அக்டோபரில் விழுந்த பனி. வெயில் எட்டிப்பார்க்காத சரிவில், குளிரில் காய்ந்து காய்ந்து சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகியிருந்தது. அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகியது. போன வாரப் புயல் கொட்டிய புதுப்பனி அதன்மேல் கனத்த பாளமாக உட்கார்ந்திருந்தது. மண்வெட்டியை வைத்து லேசாகத் தட்டினாள். பாளம் அப்படியே நழுவி அவள் மடியில் விழுந்தது.

இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? சீசன் தொடங்கும் நாள். பூசாரி மந்திரம் சொல்லி, உப்பும் சாக்கே மதுவும் தெளித்து முடித்தாயிற்று. வடபள்ளத்தில் முதல் ஆளாகச் சறுக்கித் தடம் போட யாருக்கு யோகம் என்று சீட்டும் குலுக்கியாயிற்று. வந்த பெயர் தட்சுமா. சவாகோவின் கூடப்பிறந்த தம்பி. வழக்கப்படி அவன் மனைவி மிசுசு, கைக்குழந்தையோடும் பன்றிக்கறி சூப் அண்டாவோடும் பள்ளத்துக்கு அடியில் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். மலை சரிந்தால் மொத்தமும் வந்து சேருகிற இடமே அதுதான். என்ன வழக்கமோ, என்ன கண்றாவியோ!

"கயித்தை அவுத்துடுக்கா. எல்லாரும் பாக்கறாங்க," என்றான் தட்சுமா.

"அவுக்க மாட்டேன். அடியில சர்க்கரைடா. நீ காலை வெச்சா மொத்தமும் உன்கூடவே இறங்கும்."

"அங்க பாரு, மூங்கில் தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. சரியறதுக்கு அங்க பனி எங்க இருக்கு? மார்ச்சுல பனி ஏறினப்புறம் வந்து சொல்லு, கேக்கறேன்."

"உன்னை மூட எவ்வளவுடா வேணும்? நீ என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான்: "தம்பிக்கு யோகம் அடிச்சா அக்காவுக்கு வயிறு எரியுதுடோய்!" எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

மேனேஜர் கனெகுரா இளித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "டிவிக்காரங்க வந்திருக்காங்கம்மா. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி? ஒரே ஒரு ஓட்டம். அப்புறம் நீ கயிறு கட்டு, சங்கிலி கட்டு, யாரு கேக்கப்போறா?"

"அந்த ஒரு ஓட்டத்துக்கு உங்க மகனை அனுப்புங்களேன்."

இளிப்பு நின்றது. அவர் கையுறையைக் கழற்றி, முடிச்சை அவரே அவிழ்க்க ஆரம்பித்தார். தம்பி குனிந்து சறுக்குப் பலகையைக் காலில் மாட்டினான்.

இனி வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை. சவாகோ வாக்கிடாக்கியை எடுத்தாள். இன்னொன்று கீழே மிசுசுவிடம் இருந்தது. "மிசுசு! குழந்தையைத் தூக்கிக்கிட்டு எதிர் மேட்டுல ஏறு."

"சூப்பு கொதிக்குது அண்ணி..."

"கொதிச்சா கொதிக்கட்டும். ஓடுடி!"

மேடேறிவிட்டேன் என்று மிசுசு மூச்சு வாங்கச் சொல்கிறவரை, அவிழ்ந்த கயிற்றுக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள் சவாகோ. பிறகு தன் குழுவிலிருந்த ஒகுதாவைக் கூப்பிட்டாள். தன் இடுப்பில் ஒரு வடத்தைக் கட்டி, மறுமுனையைப் பூர்ச்ச மரத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "என்ன ஆனாலும் விட்டுடாதே," என்று சொல்லிவிட்டுச் சரிவின் விளிம்புக்குப் போய், ஆத்திரத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து குதித்தாள்.

தொம்மென்று ஒரு சத்தம். அவள் காலடியில் கிளம்பிய விரிசல் அந்தக் கோடி வரை ஓடியது. பள்ளம் முழுக்க இருந்த பனி பாளம் பாளமாக உடைந்து இறங்கியது. தலை நீட்டிய மூங்கிலையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. அவளையும் இழுத்தது. வடம் இறுக்கிப் பிடித்ததில் விலா எலும்பு நொறுங்கிவிட்டதோ என்றிருந்தது. கீழே ஓடைக்கரை இருந்த இடமே தெரியவில்லை.

மேலே ஏறி வந்தாள். முதலில் வாயைத் திறந்தவர் மேனேஜர்தான். "நாசமாப் போச்சு! முதல் நாளே தளத்தோட பேரைக் கெடுத்துட்டியே! நீ குதிக்கலேன்னா அது பாட்டுக்குக் கிடந்திருக்கும்!"

அவர் கிடக்கட்டும், அவர் பிழைப்பு அது. தம்பியாவது கீழே எட்டிப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் அவளைத்தான் முறைத்தான். "எத்தனை வருஷமா இந்தச் சீட்டுக்குக் காத்திருந்தேன் தெரியுமா? ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே. நீ எனக்கு அக்காவே இல்ல, போ!" என்று கத்திவிட்டு, பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றுதான் அவளுக்கு வந்தது. விலா வலியில் கை எழும்பவில்லை.

மதியம் மிசுசு குழந்தையோடு பாதுகாப்புக் குழுவின் குடிலுக்கு வந்தாள். முகத்தில் இன்னும் ரத்தமில்லை. "நான் உக்காந்திருந்த இடத்துல..." என்று ஆரம்பித்தாள். பிறகு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அவரு இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேசமாட்டாராம் அண்ணி," என்றாள்.

"பேச வேணாம்டி!" என்று சீறினாள் சவாகோ. "ஆயுசுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியட்டும். அதுக்கும் ஆளு உயிரோட இருக்கணும்ல?"